பூட்டு யாருடையது? பொதுச் சாவி மறையாக்கமும் டிஜிட்டல் சான்றிதழ்களும்

இரண்டு பேர். இதற்கு முன் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. அவர்கள் பேசிக்கொள்ளும் ஒவ்வொரு சொல்லும் மூன்றாவது ஆள் ஒருவர் காதில் விழுகிறது. இந்த நிலையில், அந்த மூன்றாமவருக்குத் தெரியாத ஒரு ரகசியத்தை இவர்கள் இருவரும் உருவாக்கிக்கொள்ள முடியுமா? 1970களின் தொடக்கத்தில் இந்தத் துறையில் இருந்தவர்களைக் கேட்டிருந்தால், அநேகமாக எல்லோரும் முடியாது என்றுதான் சொல்லியிருப்பார்கள். இன்று நம் போனில் இருக்கும் பிரவுசர், ஒரு தளத்தைத் திறக்கும்போது ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் இதைச் செய்து முடித்துவிடுகிறது.

இதைச் சாத்தியமாக்கிய கணிதம் வியக்கத்தக்கதுதான். ஆனால் என்னைக் கேட்டால் அது பாதிக் கதை, அதிலும் சுலபமான பாதி. ‘இந்தச் சாவி யாருடையது?’ என்ற கேள்வி மிச்சப் பாதி. அதற்குக் கணிதத்தில் விடை கிடையாது. சான்றிதழ்கள், அவற்றை வழங்கும் நிறுவனங்கள், அந்த நிறுவனங்களை மேய்க்கும் பிரவுசர்கள், நடுவே வெடித்த சில பெரிய விவகாரங்கள் எல்லாமே அந்த ஒரு கேள்விக்குப் பின்னால் வந்தவை.

ஒரே சாவியின் தொல்லை

என்கிரிப்ஷன் எனப்படும் மறையாக்கம் பழைய கலை. செய்தியை ஒரு சாவி கொண்டு குழப்பி அனுப்பு, மறுமுனையில் அதே சாவி கொண்டு குழப்பத்தை அவிழ்த்துப் படி. பூட்டவும் திறக்கவும் ஒரே சாவி என்பதால் இதற்குச் சமச்சீர் மறையாக்கம் என்று பெயர். 2001இல் அமெரிக்கத் தரநிலையாக அறிவிக்கப்பட்டு இன்று உலகம் முழுக்கப் புழங்கும் ஏஇஎஸ் இந்த வகைதான். வேகமானது, வலுவானது, இன்றுவரை யாரும் உருப்படியாக உடைத்ததில்லை.

தொல்லை எங்கே என்றால், அந்தச் சாவியை மறுமுனைக்கு எப்படிக் கொண்டு சேர்ப்பது என்பதில். செய்தி போகும் வழியிலேயே சாவியையும் அனுப்பினால் ஒட்டுக்கேட்பவருக்கு இரண்டும் கிடைத்துவிடும். ராணுவங்களும் தூதரகங்களும் நம்பகமான ஆட்களின் கையில் குறியீட்டுப் புத்தகங்களைக் கொடுத்து அனுப்பின. எண்ணிக்கையும் ஒரு பிரச்சினை. 1000 பேர் கொண்ட கூட்டத்தில் எந்த இருவரும் தனியாகப் பேச வேண்டுமென்றால் 4,99,500 சாவிகள் வேண்டும். இணையம் அளவுக்குப் பெரிய கூட்டத்துக்கு இது ஆகிற காரியமே இல்லை.

1976இல் விட்ஃபீல்டு டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்ற இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சாவியை இரண்டாகப் பிரித்துவிட்டால் என்ன என்பது அதன் மையமான யோசனை. பூட்டுவதற்கு ஒன்று, அதை ஊருக்கெல்லாம் சொல்லிவிடலாம். திறப்பதற்கு இன்னொன்று, அது உரியவரை விட்டு நகரவே கூடாது. முதலாவது பொதுச் சாவி, இரண்டாவது தனிச் சாவி. இரண்டும் கணித உறவால் பிணைந்தவை என்றாலும் பொதுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தனிச் சாவியைக் கண்டுபிடிக்க நடைமுறையில் முடியக் கூடாது. கூடவே, இரண்டு பேர் வெளிப்படையாகச் சில எண்களைப் பரிமாறிக்கொண்டே ஒரு ரகசிய எண்ணை எட்டும் வழி ஒன்றையும் அவர்கள் காட்டினார்கள். இன்றும் அது டிஃபி-ஹெல்மன் என்றே அழைக்கப்படுகிறது.

இந்தக் கண்டுபிடிப்பின் வரலாறு கொஞ்சம் சோகமானதும்கூட. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த ரால்ஃப் மெர்க்கிள் 1974இலேயே இதையொத்த யோசனையை ஒரு பாடத்திட்டப் பணியாக முன்வைத்தார். அவருடைய பேராசிரியருக்கு அது பிடிபடவில்லை. அதற்கும் முன்பே, பிரிட்டனின் ஒட்டுக்கேட்பு அமைப்பான ஜிசிஎச்க்யூவில் ஜேம்ஸ் எல்லிஸ் என்பவர் 1970இல் இந்தக் கருத்தை எழுதி வைத்திருந்தார். அங்கேயே கிளிஃபர்டு காக்ஸ் 1973இலும் மால்கம் வில்லியம்சன் 1974இலும் அதற்குக் கணித வடிவம் கொடுத்துவிட்டார்கள். எல்லாம் ரகசியக் கோப்பில் கிடந்தது. 1997 டிசம்பரில்தான் பிரிட்டன் அதை வெளியே சொன்னது. எல்லிஸ் அதற்குச் சில வாரங்களுக்கு முன், அதே ஆண்டு நவம்பரில் காலமாகியிருந்தார்.

கையால் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு

டிஃபியும் ஹெல்மனும் சொன்ன இரட்டைச் சாவிக்கு முழு வடிவம் கொடுத்தவர்கள் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகிய மூவர். ஆண்டு 1977. அவர்கள் பெயர்களின் முதலெழுத்துகளே ஆர்எஸ்ஏ. ஒரு திசையில் சுலபமாகவும் எதிர்த் திசையில் பெரும்பாடாகவும் இருக்கும் கணக்கு ஒன்று வேண்டும் என்பதே முழு விஷயமும். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது கணினிக்கு ஒன்றுமே இல்லை. பெருக்கல் விடையை மட்டும் கொடுத்து அந்த இரண்டு எண்களைக் கண்டுபிடி என்றால் திணறிப்போகும்.

சின்ன எண்களை வைத்துப் பார்த்துவிடலாம். 3, 11 என்ற இரண்டு பகா எண்களை எடுத்துக்கொள்வோம். பெருக்கினால் 33. இரண்டிலும் ஒன்றைக் குறைத்து, 2ஐயும் 10ஐயும் பெருக்கினால் 20. இப்போது பெருக்கிவரும் விடையை 20ஆல் வகுத்தால் மீதி 1 வருமாறு இரண்டு எண்கள் வேண்டும். 3, 7 பொருந்தும். 21இல் 20 போக மீதி 1. ஆகவே 33ஐயும் 3ஐயும் பொதுச் சாவியாக ஊருக்குச் சொல்லிவிடுகிறோம். 7 நம்மிடமே இருக்கும் தனிச் சாவி.

ஒருவர் நமக்கு 4 என்ற எண்ணை ரகசியமாக அனுப்ப வேண்டும். 4ஐ மூன்று முறை வைத்துப் பெருக்குகிறார், 64. அதை 33ஆல் வகுத்து மீதியை மட்டும் எடுக்கிறார், 31. இந்த 31தான் கம்பியில் போகிறது. நாம் 31ஐ ஏழு முறை வைத்துப் பெருக்குகிறோம். 2751 கோடியே 26 லட்சத்து 14 ஆயிரத்து 111 வருகிறது. 33ஆல் வகுத்தால் மீதி 4. அவர் அனுப்பிய எண் திரும்ப வந்துவிட்டது.

ஒட்டுக்கேட்டவருக்கு 33, 3, 31 மூன்றும் தெரியும். 7ஐக் கண்டுபிடிக்க அவர் 20ஐக் கண்டுபிடிக்க வேண்டும். 20ஐக் கண்டுபிடிக்க 33ஐ உடைக்க வேண்டும். 33ஐ ஒரு சிறுவனும் உடைத்துவிடுவான். நிஜத்தில் இன்று புழங்கும் 2048 பிட் (0 அல்லது 1 என்ற இலக்கம்தான் பிட்) சாவியில் அந்த எண் 617 இலக்கம் கொண்டது. கணக்கு அதேதான், அளவு மட்டும்தான் வேறு. நிஜத்தில் செய்தியை இப்படி மொட்டையாக அடுக்கேற்றாமல் தற்செயல் பிட்டுகளைச் சேர்த்துத்தான் செய்வார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாராவது சொந்தமாக எழுதக் கிளம்பிவிடுவார்கள்.

எத்தனை இலக்கம் போதும் என்ற கணிப்பு காலத்துக்குக் காலம் பொய்த்திருக்கிறது. 1977இல் 129 இலக்க எண் ஒன்றை ஆர்எஸ்ஏ மூவர் சவாலாக வெளியிட்டார்கள், பரிசு 100 டாலர். அதை உடைக்க யுகங்கள் ஆகும் என்றே அப்போது கருதப்பட்டது. 17 ஆண்டுகள்தான் ஆயிற்று. 1994இல் இணையம் வழியாகச் சேர்ந்த சுமார் 600 தன்னார்வலர்களின் கணினிகள் அதை உடைத்தன. 2020இல் 250 இலக்க எண் ஒன்றும் உடைந்தது. 617 இலக்கம் இன்னும் தூரத்தில் இருக்கிறது. 1985இல் நீல் கோப்ளிட்ஸும் விக்டர் மில்லரும் தனித்தனியாக முன்வைத்த நீள்வட்ட வளைவு முறை, இவ்வளவு பெரிய எண்கள் இல்லாமலே அதே வலுவைத் தருகிறது. அதில் 256 பிட் சாவி ஒன்று ஆர்எஸ்ஏவின் 3072 பிட் சாவிக்குச் சமம் என்பது பொதுக் கணக்கு. புதிதாக அமைக்கப்படும் தளங்கள் பலவும் இப்போது அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கின்றன.

கணிதம் உடையாமலே சாவி உடைந்த கதைகளும் உண்டு. டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் 2006இல் யாரோ நல்ல எண்ணத்தில் நீக்கிய ஒரு வரியால், தற்செயலாகப் பிறக்க வேண்டிய சாவிகள் ஒவ்வொரு சாவி வகையிலும் 32,768 சாத்தியங்களுக்குள் சுருங்கிப்போயின. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2008இல்தான் அது வெளிவந்தது. அத்தனையையும் ஒருவர் முன்கூட்டியே உருவாக்கி வைத்துக்கொள்ளலாம். 617 இலக்கமாக இருந்து என்ன பயன்?

எதிர்த்திசையில் திருப்பினால் கையொப்பம்

மேலே போட்ட கணக்கைத் தலைகீழாகப் போடலாம். 4 என்ற எண்ணை நாம் நம்முடைய தனிச் சாவியான 7ஐ வைத்து அடுக்கேற்றுகிறோம், அதாவது ஏழு முறை வைத்துப் பெருக்குகிறோம். 16384 வரும், 33ஆல் வகுத்த மீதி 16. நாம் 4ஐயும் 16ஐயும் சேர்த்து வெளியிடுகிறோம். யார் வேண்டுமானாலும் 16ஐப் பொதுச் சாவியான 3 கொண்டு அடுக்கேற்றலாம். 4096, மீதி 4. அப்படியானால் 16ஐ உருவாக்கியவர் 7ஐ வைத்திருப்பவராகத்தான் இருக்க முடியும். டிஜிட்டல் கையொப்பம் என்பது இதுதான். பேனாவால் போடும் கையெழுத்து எல்லா ஆவணத்திலும் ஒரே மாதிரி இருக்கும். இது ஆவணத்துக்கு ஆவணம் மாறும், ஒன்றிலிருந்து வெட்டி இன்னொன்றில் ஒட்ட முடியாது.

முழு ஆவணத்தையும் இப்படி அடுக்கேற்றுவதில்லை. முதலில் அதை ஹாஷ் என்ற சாறு பிழியும் கணக்குக்குள் விட்டு ஒரு சிறு எண்ணாக்குகிறார்கள். எஸ்எச்ஏ-256 என்றால் 256 பிட். ஆவணத்தில் ஒரு புள்ளி மாறினாலும் சாறு முழுக்க மாறிவிடும். அந்தச் சாற்றில்தான் கையொப்பம். எனவே ஒரே சாறு தரும் இரண்டு ஆவணங்களை யாராவது தயாரித்துவிட்டால் கையொப்பம் செல்லாக்காசு. எம்டி5 என்ற பழைய ஹாஷ் இப்படி உடைந்தது. 2008இல் ஓர் ஆய்வுக் குழு, சுமார் 200 பிளேஸ்டேஷன் 3 பெட்டிகளை வாடகைக் குதிரைபோல ஓட்டி, எம்டி5ஐ வைத்தே சான்றிதழ் வழங்கும் நிறுவனம் ஒன்றுக்கு உரியதுபோன்ற போலிச் சான்றிதழைத் தயாரித்துக் காட்டியது. அதற்குப் பின்வந்த எஸ்எச்ஏ-1 ஹாஷுக்கு 2017இல் அதே கதி.

இங்கே ஒரு தப்பான புரிதலைச் சரிசெய்ய வேண்டும். ‘தளத்தின் பொதுச் சாவியால் ஒரு ரகசியத்தைப் பூட்டி பிரவுசர் அனுப்புகிறது, தளம் தன் தனிச் சாவியால் அதைத் திறக்கிறது’ என்று இன்றும் பல விளக்கங்களில் படிக்கிறோம். ஒரு காலத்தில் அது சரி. பிரவுசரும் தளமும் பாதுகாப்பாகப் பேசுவதற்கான விதிமுறை டிஎல்எஸ். 2018இல் வந்த அதன் 1.3 பதிப்பில் அந்த வழியே எடுத்தெறியப்பட்டது. இப்போது ஒவ்வோர் இணைப்புக்கும் இரு தரப்பும் புதிதாக ஒரு தற்காலிகச் சாவி ஜோடியை உருவாக்கி, டிஃபி-ஹெல்மன் வழியில் பொது ரகசியத்தை எட்டி, வேலை முடிந்ததும் அவற்றைத் தூக்கியெறிந்துவிடுகின்றன. அப்புறம் ஓடுகிற மொத்தப் போக்குவரத்தும் ஏஇஎஸ் போன்ற சமச்சீர் முறையில். தளத்தின் நிரந்தரத் தனிச் சாவிக்கு மிஞ்சியிருக்கும் ஒரே வேலை, ‘இந்த உரையாடலை நடத்துவது நான்தான்’ என்று கையொப்பம் போடுவது. இதில் பெரிய லாபம் உண்டு. நாளைக்கு அந்தத் தனிச் சாவி திருடு போனாலும், நேற்று பதிவு செய்து வைத்த போக்குவரத்தை அதைக் கொண்டு திறக்க முடியாது.

ஆக, சாவியின் வேலை ரகசியம் காப்பதிலிருந்து அடையாளம் சொல்வதற்கு மாறிவிட்டது. சரி, அந்தச் சாவி யாருடையது என்று யார் சொல்வது?

நடுவில் நிற்பவர்

டிஃபி-ஹெல்மன் ஒட்டுக்கேட்பவரிடமிருந்து காப்பாற்றும். ஆள்மாறாட்டக்காரரிடமிருந்து காப்பாற்றாது. ஒரு வைஃபை ரவுட்டரைக் கைப்பற்றியவர் நமக்கும் வங்கித் தளத்துக்கும் நடுவில் நின்றுகொண்டு, நம்மிடம் ‘நான்தான் வங்கி, இதோ என் பொதுச் சாவி’ என்று தன் சாவியை நீட்டுகிறார். வங்கியிடம் ‘நான்தான் வாடிக்கையாளர்’ என்கிறார். இரண்டு பக்கமும் பக்காவாக மறையாக்கப்பட்ட இணைப்பு. நடுவில் அவர் எல்லாவற்றையும் படிக்கிறார். கணிதம் ஒரு பிழையும் செய்யவில்லை, தவறான ஆளிடம் ரகசியமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

டிஃபியும் ஹெல்மனும் இதற்குத் தொலைபேசிப் புத்தகம் மாதிரி ஒரு பொதுக் கோப்பை யோசித்திருந்தார்கள். யாருக்கு எந்தச் சாவி என்று அதில் பார்த்துக்கொள்ளலாம். எம்ஐடியில் இளநிலை மாணவராக இருந்த லோரன் கோன்ஃபெல்டர் 1978இல் தன் ஆய்வேட்டில் வேறொன்று சொன்னார். ஒவ்வொரு முறையும் போய்ப் புத்தகத்தைப் பார்ப்பானேன்? புத்தகத்தின் ஒவ்வொரு வரியையும் தனியாக வெட்டி, நம்பகமான ஒருவர் கையொப்பமிட்டு உரியவரிடமே கொடுத்துவிட்டால், அவரே அதை எங்கும் எடுத்துப்போய்க் காட்டிக்கொள்வார். கோன்ஃபெல்டர் அதற்கு வைத்த பெயர்தான் சான்றிதழ். இவ்வளவு பெரிய தொழிலுக்கு ஓர் இளநிலைப் பட்ட ஆய்வேடு அடித்தளம் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

எக்ஸ்.509 என்ற சான்றிதழ் வடிவம் 1988இல் தொலைத்தொடர்புத் தரநிலையாக வந்தது, அதன் மூன்றாம் பதிப்புதான் இன்றும் ஓடுகிறது. உள்ளே இருப்பவை சாதாரணமான விவரங்களே: எந்தத் தளப்பெயர்களுக்கு உரியது, பொதுச் சாவி எது, எந்த நாள் முதல் எந்த நாள் வரை செல்லும், வழங்கியவர் யார், வரிசை எண் என்ன. கடைசியில் வழங்கியவரின் கையொப்பம். தனிச் சாவி இதில் இருக்காது. சான்றிதழ் வழங்குபவரும் அதைப் பார்க்கக் கூடாது. சான்றிதழ் ரகசியமும் அல்ல. கேட்கும் யாருக்கும் தளம் அதை நீட்டும். அதைத் திருடி ஒரு பயனுமில்லை, அதிலுள்ள பொதுச் சாவிக்கு இணையான தனிச் சாவி இல்லாமல் ஒரு கையொப்பமும் போட முடியாது.

வழங்கியவரின் கையொப்பம் சரியா என்று பார்க்க அவருடைய பொதுச் சாவி வேண்டும். அதற்கு இன்னொரு சான்றிதழ். அதைச் சரிபார்க்க மற்றொன்று. எங்காவது இந்தச் சங்கிலி நிற்க வேண்டுமே. வேர்ச் சான்றிதழ் எனப்படும் ஒன்றில் நிற்கிறது. அது தனக்குத் தானே கையொப்பம் போட்டுக்கொண்டது. அதாவது ‘நான் நல்லவன், நானே சொல்கிறேன்’. அதை நாம் நம்புவதற்கு ஒரே காரணம், நம் கணினியிலோ போனிலோ அது ஏற்கெனவே வைக்கப்பட்டிருப்பது. மைக்ரோசாஃப்ட், ஆப்பிள், மொசில்லா, கூகுள் ஆகியவை தத்தம் வேர்ப் பட்டியல்களைப் பராமரிக்கின்றன. ஒரு பட்டியலில் நூற்றுக்கும் மேற்பட்ட வேர்கள் இருப்பது சாதாரணம். நாம் கேள்விப்பட்டிராத நாடுகளின் நிறுவனங்களும் அதில் உண்டு. போனின் அமைப்புகளுக்குள் தேடினால் பார்க்கலாம். பார்த்தவர்களை அதிகம் சந்தித்ததில்லை.

வேரின் தனிச் சாவியை இணைய இணைப்பே இல்லாத பெட்டகக் கருவிக்குள் பூட்டி வைத்திருப்பார்கள். அன்றாடக் கையொப்பங்களை இடைநிலைச் சான்றிதழ்கள் போடும். தளம் தன் சான்றிதழோடு இந்த இடைநிலையையும் சேர்த்து நீட்ட வேண்டும். அதை மறந்தால் சில பிரவுசர்கள் தாங்களே தேடி எடுத்துக்கொள்ளும், சில எடுக்காது. ‘என் கணினியில் திறக்கிறது, அவர் போனில் திறக்கவில்லை’ என்ற புகார்களில் கணிசமானவற்றுக்குக் காரணம் இதுதான்.

சான்றிதழ் வழங்குபவர் எதைச் சரிபார்க்கிறார்? பெரும்பாலும் ஒன்றே ஒன்றை, விண்ணப்பித்தவரின் கட்டுப்பாட்டில் அந்தத் தளப்பெயர் இருக்கிறதா என்பதை. ஒரு குறிப்பிட்ட கோப்பைத் தளத்தில் வை, அல்லது தளப்பெயர்களின் முகவரிப் புத்தகமான டிஎன்எஸ்ஸில் இந்த வரியைச் சேர் என்பார். சேர்த்தால் சான்றிதழ். முதலில் காசு கொடுத்து, படிவம் நிரப்பி, சில நாள் காத்திருந்து வாங்கினோம். 2015 கடைசியில் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற சான்றளிப்பு அமைப்பு வந்தபின் இலவசமாக, ஒரு கட்டளையில், ஆள் தலையீடே இல்லாமல் கிடைக்கிறது. இணையத்தின் பெரும்பகுதி மறையாக்கப்பட்ட இணைப்பான எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறியதில் அதற்குப் பெரிய பங்குண்டு.

நிறுவனத்தின் பெயரையும் சட்டப்பூர்வப் பதிவையும் சரிபார்த்து வழங்கப்படும் விலையுயர்ந்த சான்றிதழ்களும் இருந்தன, இருக்கின்றன. அப்போதெல்லாம் முகவரிப் பட்டையில் நிறுவனப் பெயர் பச்சையாகத் தெரியும். 2017இல் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஸ்ட்ரைப் என்ற புகழ்பெற்ற பணப் பரிமாற்ற நிறுவனத்தின் அதே பெயரில் முறைப்படி ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்து, அதே பெயரைக் காட்டும் பச்சைச் சான்றிதழையும் முறைப்படியே வாங்கிக் காட்டினார். 2019இல் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் அந்தப் பச்சைப் பெயரை முகவரிப் பட்டையிலிருந்து எடுத்துவிட்டன.

பூட்டுச் சின்னத்தின் கதையும் அதுதான். அந்தச் சின்னம், ‘நீங்கள் பேசிக்கொண்டிருப்பது முகவரிப் பட்டையில் இருக்கும் பெயருக்கு உரியவரிடம்தான்’ என்று மட்டுமே சொல்கிறது. அவர் யோக்கியரா என்று சொல்வதில்லை. மோசடித் தளங்களும் ஒரு நிமிடத்தில் சான்றிதழ் வாங்கிவிடுகின்றன. மக்களோ பூட்டைப் பார்த்தால் பத்திரம் என்று எடுத்துக்கொண்டார்கள். 2023இல் குரோம் பூட்டையே முகவரிப் பட்டையிலிருந்து தூக்கிவிட்டு வேறு சின்னம் வைத்தது.

வேர் அழுகியபோது

பட்டியலிலுள்ள எந்த வேரும் எந்தத் தளத்துக்கும் சான்றிதழ் தரலாம் என்பது இந்த அமைப்பின் பிறவிக் குறை. நூறு காவலர்களில் ஒருவர் சோரம் போனால் போதும். 2011இல் அதுதான் நடந்தது. நெதர்லாந்தைச் சேர்ந்த டிஜிநோட்டார் என்ற நிறுவனத்துக்குள் புகுந்த ஒருவர், கூகுள் உட்படப் பல பெயர்களில் 500க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களைத் தயாரித்தார். கணித ரீதியாக அவை ‘போலி’ அல்ல, கையொப்பம் உண்மையானது. அவற்றைக் கொண்டு ஈரானில் லட்சக்கணக்கானோரின் ஜிமெயில் இணைப்புகளின் நடுவே யாரோ நின்றார்கள். ஊடுருவல் தெரிந்தும் நிறுவனம் வெளியே சொல்லவில்லை. ஆகஸ்ட் கடைசியில் ஈரானைச் சேர்ந்த ஒரு பயனருக்கு குரோம் எச்சரிக்கை காட்டியதால்தான் விஷயம் வெடித்தது. கூகுள் தளங்களுக்கு எந்தச் சாவிகள் வரலாம் என்று குரோமுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தார்கள். பிரவுசர்கள் அந்த வேரைப் பிடுங்கின. செப்டம்பரில் நிறுவனம் திவால். நெதர்லாந்து அரசின் பல தளங்கள் அந்த நிறுவனத்தின் சான்றிதழை நம்பியிருந்தன, அவை திண்டாடிப்போயின.

இதிலிருந்து பிறந்ததுதான் சான்றிதழ் வெளிப்படைத்தன்மை என்ற ஏற்பாடு. வழங்கப்படும் சான்றிதழ்கள் யாரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேடுகளில் ஏற வேண்டும். ஏறியதற்கான ரசீது இல்லாத புதுச் சான்றிதழை குரோம் 2018 முதல் ஏற்பதில்லை. என் தளப்பெயருக்கு எனக்குத் தெரியாமல் யாராவது சான்றிதழ் வாங்கினால் பதிவேட்டில் அகப்பட்டுவிடும். தவறு நடப்பதை இது தடுக்காது, மறைக்க முடியாமல் செய்யும். பதிவேட்டில் பின்னால் போய் யாரும் திருத்த முடியாதபடி காப்பது ஹாஷ்களை அடுக்கிக் கட்டிய ஒரு மரம். அதன் பெயர் மெர்க்கிள் மரம். 1974இல் பேராசிரியருக்குப் புரியாத பணியை எழுதிய அதே மெர்க்கிள்தான்.

காலாவதி என்ற சின்ன விஷயம்

தனிச் சாவி திருடு போனால் சான்றிதழை ரத்து செய்ய வேண்டும். ரத்துப் பட்டியல்கள், நேரலையில் கேட்டுச் சொல்லும் ஏற்பாடு என்று முறைகள் உண்டு. உண்மையில் அவை ஒருபோதும் நன்றாக வேலை செய்ததில்லை. கேட்கப்படும் சர்வர் பதில் சொல்லாவிட்டால் பிரவுசர் ‘சரி, பரவாயில்லை’ என்று கடந்துவிடும். நடுவில் நிற்பவரால் அந்தப் பதிலைத் தடுப்பதா கடினம்? எனவே துறை வேறு வழியில் போகிறது: சான்றிதழின் ஆயுளையே குறைத்துவிடு. ஐந்து ஆண்டு, மூன்று ஆண்டு என்றெல்லாம் இருந்தது 2020இல் 398 நாளாயிற்று. பிரவுசர் நிறுவனங்களும் சான்றளிப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2025இல் எடுத்த முடிவின்படி, 2026 மார்ச்சில் 200 நாள், 2027இல் 100 நாள், 2029 மார்ச்சில் 47 நாள்.

கையால் புதுப்பிக்கும் பழக்கத்துக்கு இது சமாதி. நல்லதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் தானியங்கியை வைத்துவிட்டால் நிம்மதி என்பவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தளம் ஒருநாள் நள்ளிரவில் சிவப்பு எச்சரிக்கை காட்டியது. போய்ப் பார்த்தால் புதுச் சான்றிதழ் ஒரு மாதத்துக்கு முன்பே வந்து, கோப்பாக சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. வெப் சர்வருக்கு அதை மறுபடி ஏற்றிக்கொள் என்று சொல்லும் ஒரு வரியைத்தான் நான் எழுதாமல் விட்டிருந்தேன். பெரிய இடங்களிலும் இது நடக்கும். 2018 டிசம்பரில் பிரிட்டனின் ஓ2 மொபைல் வலையமைப்பில் கோடிக்கணக்கானோருக்கு ஒருநாள் முழுக்க டேட்டா இல்லாமல் போனதற்கு, எரிக்சன் மென்பொருளில் காலாவதியான ஒரு சான்றிதழே காரணம்.

இந்தச் சான்றளிப்புச் சங்கிலி இல்லாமலும் வாழலாமா? வாழ்கிறார்கள். சர்வர்களுக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச், முதல்முறை காணும் சாவியை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்தமுறை அது மாறினால் கத்துகிறது. சிக்னல், வாட்ஸ்அப் போன்றவை இருவரும் நேரில் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எண் வரிசையைத் தருகின்றன, ஒப்பிடுபவர்கள் சொற்பம். 1991இல் பில் சிம்மர்மன் வெளியிட்ட பிஜிபி என்ற மறையாக்க மென்பொருளைச் சுற்றி, தெரிந்தவர் தெரிந்தவருக்குச் சாட்சி சொல்லும் நம்பிக்கை வலை உருவானது. ஆர்வலர் வட்டத்தைத் தாண்டி அது போகவில்லை. முன்பின் தெரியாத தளத்துக்கு முதல்முறை போகும் கோடிக்கணக்கானோருக்கு இவற்றில் எதுவும் பொருந்தவில்லை.

குவாண்டம் கணினி வந்தால் ஆர்எஸ்ஏவும் நீள்வட்ட வளைவும் சேர்ந்தே கவிழும் என்பது பீட்டர் ஷோர் 1994இல் காட்டிய விஷயம். அவ்வளவு பெரிய குவாண்டம் கணினி இன்னும் இல்லை. ஆனால் இன்றைய போக்குவரத்தைப் பதிவு செய்து வைத்துப் பத்தாண்டுகள் கழித்துத் திறக்கலாம் என்பதால் ரகசியம் காக்கும் பாதியை அவசரமாக மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். 2024 ஆகஸ்ட்டில் அமெரிக்கத் தரநிலை அமைப்பான நிஸ்ட் குவாண்டம் கணினியையும் தாங்கும் நோக்கிலான புதிய முறைகளை அறிவித்தது. பெரிய பிரவுசர்கள் பழைய முறையோடு புதியதையும் சேர்த்தே இப்போது சாவி பரிமாறுகின்றன. நாம் கவனிக்கவே இல்லை, அவ்வளவு சத்தமில்லாமல் நடந்துவிட்டது.

சான்றிதழ்ப் பாதி அப்படி நகரவில்லை. கையொப்பம் பார்க்கப்படும் அந்த நொடியில் செல்லுபடியானால் போதும் என்பதால் அவசரமும் குறைவு. அளவும் இடிக்கிறது. இன்று நீள்வட்ட வளைவுக் கையொப்பம் ஒன்று 64 பைட். நிஸ்ட் அறிவித்த எம்எல்-டிஎஸ்ஏ என்ற புதிய கையொப்ப முறையின் ஆகச் சிறிய வடிவிலேயே ஒரு கையொப்பம் 2420 பைட், பொதுச் சாவி 1312 பைட். தளத்தின் சான்றிதழில் ஒன்று, இடைநிலையில் ஒன்று, பதிவேட்டு ரசீதுகளில் ஒன்றிரண்டு, இணைப்பின் கையொப்பம் ஒன்று என்று கூட்டிப் பார்த்தால், பக்கத்தின் முதல் எழுத்து வருவதற்கு முன்பே பத்தாயிரம் பைட்டைத் தாண்டிவிடும். இந்த மூட்டையை எப்படிச் சுருக்குவது என்ற விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. முன்வைக்கப்படும் யோசனைகளில் ஒன்று, தனித்தனிக் கையொப்பங்களுக்குப் பதில் ஆயிரக்கணக்கான சான்றிதழ்களை ஒரே மெர்க்கிள் மரத்தில் அடுக்கி, அந்த மரத்தின் தலைக்கு மட்டும் ஒரு கையொப்பம் போடுவது.